பச்சை டிப்பை எந்த மேசையில் வைப்பது

1

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். என்னிடம் யாரும் கதை கேட்கவில்லை. கேட்டது சமையல் குறிப்பு.

ஃப்ரீமான்ட்டில் இருக்கும் எங்கள் தமிழ்க் குடும்பங்கள் ஒவ்வொரு ஆகஸ்டிலும் லேக் எலிசபெத் பூங்காவில் கூடிச் சாப்பிடும். வீட்டுக்கு ஒரு பண்டம். இது பதினைந்தாவது பிக்னிக் (கோவிட் வருடத்தில் ஜூமில் உட்கார்ந்து அவரவர் சோற்றை அவரவர் தின்றதையும் சேர்த்துத்தான் பதினைந்து). அதற்காக ஒரு மலர் போடுகிறார்கள். பிக்னிக்கையும் மலரையும் சேர்த்து இழுத்துப்போட்டுச் செய்வது தீக்ஷா. இருபத்தாறு வயதுப் பெண். எனக்கு மகள் மாதிரிதான், ஆனால் என் மகள் கயலைவிட நன்றாகத் தமிழ் பேசுவாள்.

"கலா ஆன்ட்டி, ஹெல்தியா, சம்மருக்கு எல்லாரும் ஷேர் பண்ற மாதிரி ஒரு ரெசிபி வேணும். உங்க க்ரீன் டிப் எழுதுங்களேன். சின்ன வயசுல தினமும் சாப்பிட்டேன்னு கயல் சொன்னா. நானூறு வேர்ட்ஸ் போதும். பிக்னிக்குக்கும் அதையே கொண்டு வாங்க, ஷீட்ல உங்க பேரைப் போட்டுட்டேன்."

"உங்க க்ரீன் டிப்" என்றாள். நான் திருத்தவில்லை. "சரிம்மா" என்று சொல்லி போனை வைத்துவிட்டேன்.

அன்று மாலை இப்படித் தொடங்கினேன்:

"கோடை வந்துவிட்டது! உடலுக்குக் குளிர்ச்சி தரும் பச்சைக் காய்கறிகளை நாம்"

பல் டாக்டரின் வரவேற்பறையில் கிடக்கும் பத்திரிகை மாதிரி இருந்தது. விட்டுவிட்டேன். அடுத்தது:

"எங்கள் வீட்டில் நான் அடிக்கடி செய்யும்"

பச்சைப் பொய். கேரட்டால் தொட்டுத் தின்கிற அந்த டிப்பை நான் ஒருமுறைகூடச் செய்ததில்லை. மூன்றாவதாக:

"இது நஜீமாவின் டிப்."

இது உண்மை. ஆனால் இதை எழுதியதும் சமையல் குறிப்பு அங்கேயே நின்றுவிட்டது. நானூறு வார்த்தையில் முடிகிற விஷயம் இல்லை இது. தீக்ஷா, மன்னித்துக்கொள்.

2

தேவையான பொருட்களாவது எழுதிவிடுகிறேன். குறிப்பு கேட்டவர்கள் ஏமாறக் கூடாது.

இளம் பசலைக்கீரை நான்கு கைப்பிடி. ஃப்ரோசன் பட்டாணி ஒரு கப். ப்ராக்கலித் தண்டு இரண்டு (பூவை வேறு எதற்காவது வைத்துக்கொள்ளுங்கள்). ஒரு வெள்ளரிக்காய். புதினா, கொத்தமல்லி. பழுத்த அவகாடோ பாதி. துணியில் கட்டித் தண்ணீர் வடித்த தயிர் ஒரு கப். பச்சை மிளகாய் ஒன்று, சுட்ட பூண்டு இரண்டு பல், எலுமிச்சை, வறுத்த சீரகம், உப்பு.

நஜீமாவின் பெயரை மாற்றிவிடலாமா என்று யோசித்தேன். கதை எழுதுகிறவர்கள் செய்வதுதானே. அவளுக்கு மரகதம் என்று பெயர் வைத்து ஒரு பக்கம் எழுதியும் பார்த்தேன். மரகதம் டிப் செய்தாள், பிக்னிக்குக்குக் கொண்டுவந்தாள், எல்லோரும் தின்றார்கள், பாத்திரம் காலி. அவ்வளவுதான், கதை முடிந்துவிட்டது. மரகதம் கொண்டுவந்திருந்தால் அன்று ஒன்றுமே நடந்திருக்காது. நடந்ததே அவள் பெயர் நஜீமா என்பதால்தான். ஆகவே பெயரை மாற்ற முடியவில்லை.

(இது உங்களுக்கு இப்போது புரியாவிட்டாலும் பரவாயில்லை. நான்காம் பகுதிவரை பொறுங்கள். ஐந்தாம் பகுதிவரை. நான்கில் நான் ஒரு தில்லுமுல்லு செய்திருக்கிறேன்.)

3

மௌரி அவென்யூவுக்குப் பக்கத்தில் ஒரு பழைய அபார்ட்மென்ட். நாங்கள் கீழே, நஜீமா வீடு மேலே. நான் கோபிச்செட்டிபாளையத்துக்காரி, அவள் நாகூர்க்காரி. இரண்டு பேரும் வீட்டுக்காரரோடு வருகிறவர்களுக்கான ஹெச்-ஃபோர் விசா. வேலைக்குப் போகக் கூடாது, கார் ஓட்டத் தெரியாது. இடுப்பில் ஒரு குழந்தை, ஊரில் யாரையும் தெரியாது. என் வீட்டுக்காரர் சுப்பையனும் அவள் வீட்டுக்காரர் குத்புதீனும் காலையில் ஒரே காரில் ஏறிப் போய்விட்டால், மாலை ஏழு மணிவரை அவளுக்கு நான், எனக்கு அவள்.

எத்தனையோ வருடம் ஆகிவிட்டது. சொந்த வீடு, க்ரீன் கார்டு, கராஜில் இரண்டு கார் எல்லாம் வந்துவிட்டன. ஆனாலும் அந்த நாட்கள்தான் அடிக்கடி நினைவுக்கு வருகின்றன. ஸ்ட்ரோலரைத் தள்ளிக்கொண்டு லைப்ரரிக்கு நடப்போம். அங்கே ஏசி இலவசம். திரும்பும் வழியில் இந்தியன் ஸ்டோரில் கொத்தமல்லிக் கட்டை முகர்ந்து பார்ப்போம். "அக்கா, இது நம்மூரு மல்லி மாதிரியே இல்லக்கா" என்று தினமும் சொல்வாள், தினமும் வாங்குவாள்.

குழந்தைகளுக்கு மூன்று வயது இருக்கும்போது, டாக்டர் இரண்டு பேருக்கும் ரத்தத்தில் இரும்புச் சத்துக் குறைவு என்று சொல்லிவிட்டார். கீரை கொடுங்கள் என்றார். கொடுத்துப் பார்த்தால்தானே தெரியும்! என் கயல் கீரையை வாயில் அடக்கி வைத்துக்கொண்டு ஒரு மணி நேரம் கழித்து கார்பெட்டில் துப்புவாள். நஜீமாவின் மகள் ரிதா தட்டையே கவிழ்த்துவிடுவாள்.

நஜீமா என்ன செய்தாள் தெரியுமா? பக்கத்து வீட்டு வெள்ளைக்காரக் குழந்தை கேரட் துண்டை எதையோ தொட்டுத் தின்பதைப் பார்த்துவிட்டு வந்தாள். அன்றே கீரையைக் கொதிநீரில் அரை நிமிடம் காட்டி, ஐஸ் தண்ணீரில் போட்டு எடுத்து, பட்டாணியோடும் புதினாவோடும் அரைத்து, தயிர் கலந்து, ஒரு கிண்ணத்தில் வைத்தாள். பக்கத்தில் கேரட் குச்சிகள். "இது பெயின்ட்டு. யாரு பிரஷ்ல நிறைய ஒட்டுறாங்களோ அவங்க வின்னர்."

இரண்டும் போட்டி போட்டுத் தின்றன. நான் வாயைப் பிளந்துகொண்டு நின்றேன்.

அதற்குப் பிறகு தினமும் நாலு மணிக்குக் கயல் மாடிப்படி ஏறிவிடுவாள். "நஜீம்மா, பச்சை!" என்று கதவைத் தட்டுவாள். நஜீமா ஒரு கையால் ரிதாவுக்கும் மறு கையால் கயலுக்கும் ஊட்டுவாள். நான் சோபாவில் கால் நீட்டி உட்கார்ந்துகொண்டு டீ குடிப்பேன். ஆறு மாதத்தில் டாக்டர் ரத்தம் நன்றாக இருக்கிறது என்று சொன்னார்.

என் வீட்டுக்காரர் முதல்முறை அதைச் சாப்பிட்டுவிட்டு, "இது சட்னிங்களா, மசியலுங்களா? இதுக்கு இட்லி இருக்குதுங்களா?" என்று நஜீமாவைக் கேட்டார். சிரித்துச் சிரித்து அவளுக்குப் புரையேறிவிட்டது.

[இந்தப் பகுதியை நீட்டிக்கொண்டே போகலாம் என்று தோன்றுகிறது. இங்கேயே இருந்துவிட ஆசை. ஆனால் அடுத்த பகுதியைத் தள்ளிப்போடத்தான் இந்த ஆசை என்பதும் தெரிகிறது.]

4

முதல் பிக்னிக். 2011.

நம்மவர்கள் நாலு குடும்பம் சேர்ந்தால் இரண்டு மேசை போடுவோம் என்பது உங்களுக்கே தெரியும். ஒன்று சைவம், ஒன்று அசைவம். நடுவே பத்தடி இடைவெளி. சைவ மேசைக் கரண்டி அசைவ மேசைப் பக்கம் போய்விட்டால் கலவரம். அந்த முதல் வருடம் மேசைப் பொறுப்பு கிட்டுசாமி மாமாவிடம் இருந்தது. வயதானவர், மகன் வீட்டுக்கு விசிட்டர் விசாவில் வந்திருந்தார், கொஞ்சம் பழைய ஆள். நஜீமா தன் டிப்பை என்னிடம் கொடுத்துவிட்டு, காரிலிருந்து ரிதாவை இறக்கப் போனாள். கிட்டுசாமி மாமா பாத்திரத்தைப் பார்த்தார். "இது யாரு ஆத்துது?" என்று கேட்டார். சொன்னேன். அவர் அதை வாங்கிக்கொண்டு போய் அசைவ மேசையில் மட்டன் பிரியாணிக்குப் பக்கத்தில் வைத்துவிட்டார். நான் தடுக்க வாயெடுத்தேன். அதற்குள்

5

வேண்டாம்.

கிட்டுசாமி மாமா என்று யாரும் இல்லை. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற வேலை அது. யாரென்றே தெரியாத ஒரு வயதானவர் தலையில் கட்டிவிட்டால் நானும் சேர்ந்து முகம் சுளிக்கலாம், நீங்களும் "அந்தக் காலத்து ஆளுங்க அப்படித்தான்" என்று சொல்லிக்கொள்ளலாம். மூன்று நாள் அந்த மாமாவை வைத்துக்கொண்டு எழுதினேன். விபூதியெல்லாம் பூசிவிட்டேன் அவருக்கு. பாவம்.

மேசைப் பொறுப்பு என்னிடம்தான் இருந்தது. ஸ்கெட்ச் பேனாவால் "சைவம்", "அசைவம்" என்று அட்டை எழுதியதும் நான்தான். நஜீமா பாத்திரத்தை என் கையில்தான் கொடுத்தாள். "அக்கா, வச்சிடுங்க, ரிதா தூங்கிட்டா, நான் போய்த் தூக்கிட்டு வந்துடறேன்."

யாரும் எதுவும் கேட்கவில்லை. யாரும் எதுவும் சொல்லவும் இல்லை. நானாகத்தான் நடந்து போய் அதை அசைவ மேசையில் வைத்தேன்.

ஏன் வைத்தேன்? நீண்ட நாள் "யோசிக்காமல் செய்துவிட்டேன்" என்று எனக்கே சொல்லிக்கொண்டிருந்தேன். அதுவும் பொய். யோசித்தேன். சைவ மேசையில் வைத்தால் இரண்டு மூன்று பேர் "இது யார் வீட்டுது?" என்று கேட்பார்கள், சொன்னால் கரண்டியைக் கீழே வைப்பார்கள், நஜீமா அதைப் பார்த்தால் மனசு நோகும் என்று யோசித்தேன். அவள் நல்லதுக்குத்தான் என்று நினைத்துக்கொண்டேன். அவர்களெல்லாம் என் வீட்டுக்காரருக்கு வேலையில் மூத்தவர்களின் மனைவிமார். அவர்கள் முன்னால் எனக்கு எந்தச் சங்கடமும் வரக் கூடாது என்பதையும் யோசித்தேன். ஐந்து நொடியில் இத்தனையும் யோசிக்க முடிகிறது.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், சொல்லாவிட்டால் இதை எழுதியே பிரயோஜனம் இல்லை. அன்று நான் இரண்டு பண்டம் கொண்டுபோயிருந்தேன். ஒன்று எங்கள் ஊர்ப் பக்கத்து மிளகாய் போட்ட கோழி வறுவல். இன்னொன்று தயிர் சாதம். ஒரே அடுப்பு, ஒரே கத்தி, ஒரே கை. கோழியை அசைவ மேசையில் வைத்தேன். தயிர் சாதத்தைச் சைவ மேசையில் வைத்தேன். அதை யார் வீட்டுது என்று ஒருவரும் கேட்கவில்லை. பாத்திரத்தை வழித்துத் தின்றார்கள்.

நஜீமா ரிதாவைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தாள். முதலில் சைவ மேசைக்குப் போனாள். தேடினாள். பிறகு இந்தப் பக்கம் பார்த்தாள்.

"அக்கா, அதுல கறி ஒண்ணும் இல்லையே?"

"தெரியும் நஜீ. அங்க இடம் இல்ல, அதான்."

அங்கே ஒரு கல்யாணப் பந்தியே போடும் அளவுக்கு இடம் இருந்தது. அவளும் பார்த்தாள், நானும் பார்த்தேன்.

"ஓ. சரிக்கா."

அவ்வளவுதான் சொன்னாள். கோழிக்கும் பிரியாணிக்கும் நடுவில் டிப்பைத் தொட யாருக்குத் தோன்றும்? என் கயல் மட்டும் ஓடிவந்து, எட்டி எட்டிக் கேரட்டால் தொட்டுத் தின்றாள். மிச்சத்தை நஜீமா அப்படியே மூடி வீட்டுக்குக் கொண்டுபோனாள். உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்பார்கள். என் பிள்ளைக்கு ஊட்டியவள் அவள். அவள் பாத்திரத்தை நான் எங்கே வைத்தேன் பாருங்கள்.

6

இத்தனை வருடம் இது ஏன் என்னை உறுத்தவில்லை என்று கேட்பீர்கள். உறுத்தியது, ஆனால் நஜீமா மாறவே இல்லை என்று சமாதானம் சொல்லிக்கொண்டேன். அடுத்த நாள் நாலு மணிக்கும் கயலுக்கு ஊட்டினாள். எப்போதும் போல சிரித்தாள். மூன்று வருடம் கழித்துக் குத்புதீனுக்கு டெக்ஸாஸில் வேலை கிடைத்துக் கிளம்பியபோது என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள். ஆக, அவள் மறந்துவிட்டாள் என்று நினைத்தேன்.

தீக்ஷா அனுப்பிய ஷீட்டில் ஒவ்வொரு வருடத்துக்கும் ஒரு டேப் இருக்கிறது. யார் என்ன கொண்டுவருகிறார்கள் என்ற பட்டியல். யாரும் அழிக்கவில்லை. சும்மா இருந்த நான் பழைய டேப்களைத் திறந்தேன்.

2011. நஜீமா: க்ரீன் டிப், கேரட்.
2012. நஜீமா: பேப்பர் ப்ளேட்.
2013. நஜீமா: பேப்பர் ப்ளேட், ஸ்பூன்.
2014. நஜீமா: பேப்பர் ப்ளேட், கப், டிஷ்யூ.

அதற்குப் பிறகு பெயர் இல்லை.

எங்கள் எல்லோரையும்விட நன்றாகச் சமைக்கிறவள். மூன்று வருடம் எங்களுக்குக் காகிதத் தட்டு வாங்கிக்கொண்டு வந்திருக்கிறாள். காகிதத் தட்டை எந்த மேசையில் வைப்பது என்று யாரும் யோசிக்க வேண்டியதில்லை. 2013இல் நான் அவளைக் கிண்டல்கூடச் செய்தேன். "ஏம்புள்ள, சோம்பேறி ஆயிட்ட, கடையில போய் ஈசியா முடிச்சுட்ட!" அவள் சிரித்தாள். "ஆமாக்கா" என்றாள்.

லேப்டாப்பை மூடிவிட்டு அழுதேன். என் வீட்டுக்காரர் என்னவென்று கேட்டார். சொன்னேன்.

"இத்தன வருசங்கழிச்சு எதுக்கு கலா அதக் கெளப்பற? அந்தப் புள்ளைக்கே நெனப்பு இருக்காது."

"உங்களுக்கு நெனப்பு இருக்குதா?"

அவர் பாத்திரம் கழுவப் போய்விட்டார்.

7

இந்தக் கதைக்குக் கெடு ஒன்று இருக்கிறது. ரிதாவுக்கு இங்கே கல்லூரியில் இடம் கிடைத்திருக்கிறது. மகளைக் கொண்டுவந்து விட நஜீமா வருகிறாள். பிக்னிக்குக்கும் வருகிறாள்.

போன வாரம் அவளுக்கு போன் செய்தேன். டிப் எப்படிச் செய்வது என்று கேட்க என்று எனக்கே சொல்லிக்கொண்டேன்.

"அக்கா! பதினாலு வருஷமா கேக்காதவங்க இப்ப கேக்கறீங்க! எழுதிக்கங்க. ப்ராக்கலித் தண்டு இருக்குல்ல, அதைத் தூக்கிப் போட்றாதீங்க, தோலைச் சீவிட்டு பட்டாணியோட வேக வைங்க. அதுதான் க்ரீமியா வர்றதுக்குக் காரணம். கீரைய ஐஸ் வாட்டர்ல போடலன்னா கலர் கருத்துடும். தண்ணிய நல்லா புழிஞ்சிடணும். வெள்ளரிக்காயத் துருவி அதையும் புழிஞ்சிட்டு கடைசில கலக்கணும், அரைக்கக் கூடாது. உப்பு பரிமாறும்போதுதான். முன்னாடியே போட்டா தண்ணி விட்டுடும்."

எழுதிக்கொண்டேன். கயல் எப்படி இருக்கிறாள், எவ்வளவு உயரம், இன்னும் கீரையைத் துப்புகிறாளா என்றெல்லாம் கேட்டாள். வைக்கப் போகும் நேரத்தில் கேட்டாள்:

"எந்த டேபிள்ல வைக்கப் போறீங்க?"

சிரித்துக்கொண்டு கேட்டாளா, சிரிக்காமல் கேட்டாளா என்று போனில் தெரியவில்லை.

"நீ வா நஜீ. வா, சொல்றேன்."

"சரிக்கா" என்றாள். பதினாலு வருடம் முன்பு சொன்ன அதே "சரிக்கா".

அவளுக்கு எல்லாம் ஞாபகம் இருக்கிறது.

8

இனி முடிவு. மூன்று எழுதினேன்.

முதல் முடிவு: பூங்காவில் நஜீமாவைப் பார்த்ததும் நான் ஓடிப்போய்க் கையைப் பிடிக்கிறேன். இருவரும் அழுகிறோம். சுற்றியிருப்பவர்கள் கண்ணைத் துடைத்துக்கொள்கிறார்கள். சீரியல் பார்த்துப் பார்த்துக் கெட்டுப்போன கையால் எழுதியது. அழித்துவிட்டேன்.

இரண்டாவது: "அய்யோ, அதையா நெனச்சுட்டிருக்கீங்க? நான் அன்னைக்கே மறந்துட்டேன்க்கா" என்கிறாள் நஜீமா. எனக்கு எவ்வளவு சௌகரியமான வசனம்! ஆனால் "எந்த டேபிள்ல" என்று கேட்டவள் வாயில் இதை வைக்க முடியாது.

மூன்றாவது: தீக்ஷா இந்த வருடம் இரண்டு மேசைக்குப் பதிலாக ஒரே நீள மேசை போட்டுவிடுகிறாள். உலகம் திருந்திவிட்டது. இதில் என் தப்பு எங்கே போயிற்று என்று தேடினேன், மேசைக்கு அடியில் போய்விட்டது.

இவ்வளவையும் கயலுக்குப் படித்துக் காட்டினேன். அவளுக்குத் தமிழ் புரியும், பதில்தான் ஆங்கிலத்தில் வரும். பேப்பர் ப்ளேட் வரும்வரை போனைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அப்புறம் போனைக் கவிழ்த்து வைத்தாள்.

"ஷி ஃபெட் மீ, அம்மா."

"ஆமா கண்ணு, ஊட்டினா."

"அண்ட் யூ ரோட் எ ஹோல் ஸ்டோரி இன்ஸ்டெட் ஆஃப் சேயிங் சாரி?"

தலையைச் சுற்றி மூக்கைத் தொடுவது என்பார்களே, அதுதான். சாரி சொல்வதற்குப் பதில் ஒரு முழுக் கதை எழுதியிருக்கிறாய் என்று பதினெட்டு வயதுப் பெண் ஒரே வரியில் சொல்லிவிட்டாள். எனக்குக் கோபம்தான் வந்தது. "போய் உன் ரூமைச் சுத்தம் பண்ணு" என்றேன். அவள் போகவில்லை. சமையலறைக்குப் போய்ப் ப்ராக்கலித் தண்டுக்குத் தோல் சீவ ஆரம்பித்தாள்.

9

தீக்ஷா நேற்றுக் கேட்டாள்: "ஆன்ட்டி, ரெசிபி ரெடியா? லாஸ்ட் பேஜ் உங்களுக்காக வெயிட் பண்ணுது."

"ரெடி. கொஞ்சம் நீளமாயிடுச்சு. தலைப்புல என் பேரை எடுத்துட்டு நஜீமா பேரைப் போட்டுரு. ஷீட்லயும்."

"நஜீமா யாரு ஆன்ட்டி?"

"படி. தெரியும்."

மலரைப் பிக்னிக்கில்தான் தருகிறார்கள். ஆகவே நீங்கள் இதை லேக் எலிசபெத்தில், மடியில் தட்டை வைத்துக்கொண்டு படிக்கிறீர்கள். செய்முறையைத் தேடி வந்தவர்கள் ஏழாம் பகுதியைப் பாருங்கள், நஜீமாவே சொல்லியிருக்கிறாள், அதைவிட நன்றாக எனக்குச் சொல்ல வராது.

பாத்திரத்தை நான் எந்த மேசையிலும் வைக்கவில்லை. கையிலேயே வைத்துக்கொண்டு நிற்கிறேன். பைத்தியம் மாதிரி இருக்கும், இருக்கட்டும். கயல் பக்கத்தில் கேரட் டப்பாவோடு நிற்கிறாள். உப்பு தனியாக ஒரு பொட்டலத்தில் இருக்கிறது.

முடிவை எழுதித் தரச் சொல்லாதீர்கள். எழுதினால் நஜீமா என்ன சொன்னாள் என்பதையும் நானே எழுத வேண்டிவரும். அவளைக் கேட்காமல் அவளுக்காக நான் முடிவெடுத்தது ஒருமுறை போதும்.

நான் சொல்ல வேண்டியது ஒரே ஒரு சொல். அதற்கு இரண்டாயிரம் சொல் ஆகிவிட்டது. அவள் காரிலிருந்து இறங்கியதும் எல்லோருக்கும் கேட்கும்படி அதைச் சொல்லிவிடுவேன். அப்புறம் பாத்திரத்தை அவள் கையில் கொடுப்பேன். அவள் எங்கே வைக்கிறாளோ அங்கே. வைக்காமல் மூடி வீட்டுக்குக் கொண்டுபோனாலும் சரி.

அவள் என்ன சொன்னாள் என்று என்னைக் கேட்காதீர்கள். நீங்கள் பக்கத்திலேயேதானே இருக்கிறீர்கள்.